வாராவாரம் நிற்கும் மவுஸ்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், கம்பெனி கம்பெனியாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"அந்தாளே மவுஸைக் கெடுத்துட்டு, அப்பாலதான் எனக்கு ஃபோன் பண்றாருபா."

"யாரு?"

"இரும்பு கம்பெனியில லாரி எடை போடுற ரூம்ல ஒண்டியா குந்திகினு இருப்பாரே, அவருதான். வாராவாரம் மவுஸ் நவுரலைம்பாரு. பழைய லினக்ஸ் போட்ட மிசினு, ஓடிகினு இருக்கறப்போ மவுஸைக் கழட்டி மாட்டினா அப்பிடியே நின்னுடும். யாரு கழட்டறதுன்னு, மிசின்ல நடக்கறதெல்லாம் பதிவாவுற லாக் ஃபைலைத் தொறந்து பாத்தேன். கழட்டின டைம் எல்லாம் அதுல கீது. ஒவ்வொரு தபாவும் எனக்கு ஃபோன் வர்றதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி."

"அவராண்ட கேட்டியா?"

"எப்பிடி கேக்கறது? நான் போறதுக்குள்ள ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தி வச்சிருக்காரு."

"மிசினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப் பூடுமே. அத ஃபோன்லயே சொல்லிட்டு, பேஜார் இல்லாம நீ ஊட்டுக்குப் போவலாம்ல?"

"ஊட்ல மட்டும் யாரு கீறாங்க?"

மற்றவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீஞ்சூரில் இறங்கிக்கொண்டார். ரயில் நகர்ந்ததும் கண்ணாடிக்காரரின் செல்போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... மறுபடியும் நின்னுடுச்சா? ஆஃப் கீஃப் பண்ணிடாதீங்க. அப்பிடியே உடுங்க, காலையில நானே வர்றேன்."