பச்சையில நிக்கிற கிளிப்பு

இல்ல சார், நீங்க கேன் சொல்லல, எனக்குத் தெரியும். நானாதான் தூக்கியாந்தேன். வூட்ல கீற கேன்லயே இன்னும் பாதி தண்ணி கீதுன்னு உங்க வூட்டு அக்கா காலையில போன்ல சொல்லிச்சி. இருக்கட்டுமே, தண்ணி இன்னா கெட்டா பூடும்? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன். மூணு மாடி, லிப்ட் ரிப்பேரு, தோள்ல கேனு. வேணாம் சார், சட்டையெல்லாம் ஈரம், உங்க சோபா பாழாயிடும். நின்னுகினே பேசறேன்.

ஆமா, சனிக்கெழம ஸ்கூல் மீட்டிங் விஷயந்தான். பேரன்ட்ஸ் குரூப்ல நான் கேட்டதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கம்முனு ஆயிட்டீங்க. அது வரேன்ற கும்பிடா, ஆள வுடுடா சாமின்ற கும்பிடான்னு எனக்குத் தெரியல. அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்.

எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றதா? நல்லா கேட்டீங்க போங்க. உங்க பொண்ணு பிளஸ்ஸி கிளாஸ்ல தெனம் செவப்பு வாங்குதுன்னு உங்களுக்கு வெக்கம். சாயந்தரம் ஸ்கூல் விட்ட ஒடனே போன்ல அந்த செவப்பு மூஞ்சி வருமே, அதுக்கு பயந்து ஆபீஸ்ல போன கவுத்து வெச்சிடறீங்களாமே. பக்கத்து சீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு, இன்னா டெனிஸ், இன்னிக்கும் தக்காளியான்னு கேட்டாராமே. அக்காதான் சொல்லி சிரிச்சிச்சி. நான் யார்கிட்டயும் சொல்லல சார். பி பிளாக்ல மட்டும் சொன்னேன்.

சரி, அந்த செவப்பு போடற சார்ட்ட நீங்க கண்ணால பாத்துக்கீறீங்களா? பாக்கலியா? பாக்காமலேயா, தேங்க்யூ மிஸ், இன்னும் ஸ்ட்ரிக்டா இருங்கன்னு குரூப்ல போட்டீங்க? நான் பாத்துக்கீறேன். அந்த ஸ்கூலுக்கும் நாந்தானே தண்ணி போடறேன். மூணாங்கிளாஸ்ல போர்டு பக்கத்துல மாட்டிக்கீறாங்க. மேல பச்ச, நடுவுல மஞ்சா, கீழ செவப்பு. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கிளிப்பு. நம்ம வூட்ல துணி காயப்போடுவோமே, அதே கிளிப்புதான், அதுல பேர் எழுதிக்கீது. காலையில எல்லாம் பச்சையில இருக்கும். பேசுனா மஞ்சாவுக்கு எறக்கம். சிரிச்சா, எழுந்தா, தின்னா இன்னும் எறக்கம். மணி அடிக்கறப்போ எந்தக் கிளிப்பு செவப்புல கீதோ, அதுக்கு மறுநாளு கேம்ஸ் கட்டு, அப்பனுக்கு தக்காளி.

ஜான்சி மிஸ்ஸ நான் ஒண்ணும் கொற சொல்ல மாட்டேன் சார். நம்ம வூட்ல ஒண்ண வெச்சே நமக்கு தல சுத்துது, அவங்க கிளாஸ் நெறைய வெச்சிகினு கீறாங்க. நான் சொல்றது அந்த சார்ட்ட.

எம் பொண்ணா? கீர்த்திகா பச்ச சார். ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து ஒரு நாள் கூட கீழ எறங்கல. இன்னா அப்பிடிப் பாக்கறீங்க? கேன் போடற இந்த மாரிப் பயலுக்கு பச்ச, டை கட்ற டெனிஸ் சாருக்கு செவப்பான்னா? சும்மா கலாய்ச்சேன் சார், கோச்சிக்காதீங்க. எனக்கே மொதல்ல தல கால் புரியல. எங்க அனகாபுத்தூர் சந்துல நம்ம மச்சானுங்க ப்ளெக்ஸே அடிச்சிட்டானுங்க. எம் பொண்ணு போட்டோ, பக்கத்துல கூலிங்கிளாஸ் போட்டுகினு நானு, சுத்தி எவனெவனோ. கீழ, என்றும் பச்சை எங்கள் கீர்த்திகான்னு. பாக்கறவன்லாம் எலெக்சன்னு நெனச்சி, இது எந்தக் கட்சின்னு கேட்டானுங்க.

அப்புறம் அவ வூட்லயும் ஒரு சார்ட் ஒட்டிட்டா. பிரிட்ஜ் மேல. மூணு கிளிப்பு. நான் ஏப்பம் வுட்டா மஞ்சா. வண்டில குறுக்க வந்தவன ஏதோ திட்டுனத சொல்லிகினு இருந்தேன், நேரா செவப்பு. எம் பொண்டாட்டி சரசு இருக்கே, உப்பு அதிகம்னு அதுக்கு மஞ்சா. நாங்க ரெண்டு பேரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம். அவ சிரிக்கல சார். அது எனக்கு அப்ப தோணல.

இல்ல சார், நீங்க சொல்றது கரெக்டு. நீங்க போய் கேட்டா, உம் பொண்ணு சேட்ட, அதான் வந்துட்டன்னு சொல்லுவாங்க. அதனாலதான் பச்சைக்காரன் நானே இன்னிக்கி காலையில மொதல்ல போனேன். பிரின்சிபல் மேடம் உக்கார வெச்சி காபியெல்லாம் குடுத்தாங்க. குடுத்துட்டு இன்னா சொன்னாங்க தெரியுமா? செவப்பு வாங்கற புள்ளைங்களோட பேரன்ட்ஸே ஒண்ணும் சொல்லலியே, உங்களுக்கு இன்னாங்க பிரச்சனைன்னாங்க. சொல்லிட்டு போன்ல உங்க தேங்க்யூ மிஸ்ஸ எடுத்து காட்டுனாங்க. காபிய அப்பிடியே வெச்சிட்டு வந்துட்டேன்.

இப்ப புரியுதா, நீங்க ஏன் வரணும்னு? ஒரு பச்சையும் ஒரு செவப்பும் சேந்து போய் நின்னு, இத்த கழட்டுங்க மேடம்னு கேட்டா, அவங்களால தட்ட முடியாது. நான் தனியா போனா, தண்ணி கேன்காரன் இன்னாத்தையோ ஒளர்றான்னுடுவாங்க.

ஆங், அந்த பால்கனில தொங்குதே வெள்ள கவுனு, அது பிளஸ்ஸியோடதா? வெல அட்ட கூட பிய்க்கல. திங்கக்கெழம அதோட அத்த கல்யாணத்துல பூக்கூட புடிச்சிகினு போறதுக்கு எடுத்ததா? இந்த சேதியும் அக்கா சொல்லிச்சி. போன வியாழக்கெழம வந்த செவப்புக்காக, நீ கல்யாணத்துக்கே வர வேணாம்னு பக்கத்து வூட்ல வுட்டுட்டுப் போனீங்களாம். சர்ச்ல எல்லாரும் எங்க பிளஸ்ஸி, எங்க பிளஸ்ஸின்னு கேட்டாங்களாம்.

கண்டிப்பு வேணும் சார். வேணாம்னு நான் சொல்வேனா? ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி எதுக்கு செவப்புன்னு பிளஸ்ஸிய கேட்டீங்களா? கேட்டீங்க. அது இன்னா சொல்லிச்சி? ஒண்ணுமே சொல்லலியா. திமிருன்னு நெனச்சிட்டீங்க.

அந்த வியாழக்கெழமதான் சார் எம் பொண்ணுக்கு பொறந்த நாளு. புது பாவாட சட்ட, தல நெறைய பூவு, ஒரு பெரிய டப்பா சாக்லேட்டு. சாயந்தரம் பாத்தா டப்பா போன மாதிரியே திரும்பி வந்துச்சி. இன்னாம்மா இதுன்னா, எல்லாருக்கும் சளிப்பான்னா. அத்தினி புள்ளைக்கும் ஒரே நாள்ல சளி. நானும் நம்பிகினு பேன் கீழ படுத்துட்டேன்.

நேத்து சாயந்தரம் லோடு எறக்கிட்டு வந்து பாக்கறேன், பிரிட்ஜ் மேல என் கிளிப்பு பச்சையில கீது, சரசு கிளிப்பு பச்சையில கீது, அவ கிளிப்பு மட்டும் செவப்புல. சோறு வேணான்னு செவுத்துப் பக்கம் திரும்பி படுத்துகினு கீறா. மடியில போட்டுகினு கேட்டேன். அப்பதான் அழுதுகினே சொன்னா.

மிஸ் வெளிய போனா கிளிப்பு எறக்கற வேல கிளாஸ் லீடருக்கு சார். லீடரு இவதான். எப்பவும் பச்சையில கீறவதானே லீடரு. அதனால கிளாஸ்ல ஒரு புள்ள இவகூட பேசாது. சாப்பாட்டுக்கு பக்கத்துல உக்காராது. வூட்ல வந்து நாங்க சிரிக்கறப்போ அவ ஏன் சிரிக்கலன்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சி. சந்து முனையில அந்த ப்ளெக்ஸு வேற பல்ல இளிச்சிகினு நிக்குது.

பொறந்த நாளு அன்னிக்கி இவ சாக்லேட்ட மொதல்ல மிஸ்ஸுக்கு நீட்டிக்கீறா, மிஸ் எடுத்துகினாங்க. அவங்க ஆபீஸ் ரூமுக்கு போன ஒடனே ஒவ்வொரு பெஞ்சா டப்பாவ நீட்டிகினு போறா, ஒரு கை கூட வரல. கடைசி பெஞ்சு வரைக்கும் போயிட்டா. அங்க உங்க பொண்ணு. டக்குனு ஒண்ண எடுத்து, பிரிச்சி, வாயில போட்டுகினு, பெஞ்சு மேல ஏறி நின்னு, கை தட்டி, ஹேப்பி பர்த்டே பாடுச்சாம். முழுசா. தனியா.

கிளாஸ்ல தின்னது ஒண்ணு, பெஞ்சு மேல ஏறுனது ஒண்ணு, பாடுனது ஒண்ணு. எல்லாப் புள்ளையும் எம் பொண்ணையே பாத்துகினு இருந்துச்சாம். இவ கம்முனு இருந்தா மிஸ்கிட்ட போட்டுக் குடுத்துடும், இவ கிளிப்பு எறங்கிடும். போயி, பிளஸ்ஸி கிளிப்ப செவப்புல மாட்டிட்டா சார். வாயில அது இன்னும் மென்னுகினு இருக்கறப்பவே.

அதோட முடியல. செவ்வாக்கெழம பிளஸ்ஸியே இவகிட்ட வந்து, எங்கப்பா கேட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல, நீ பயப்படாதன்னு சொல்லிட்டுப் போச்சாம்.

தண்ணி குடிங்க சார். இருங்க, நானே ஊத்தறேன்.

நான் திரும்ப கேக்கவே இல்லியே, நீங்களா வரேன்னு சொல்றீங்க. சரி, சனிக்கெழம பத்து மணி. டை வேணாம், சாதாரணமா வாங்க. மேடம் காபி குடுத்தா மட்டும் வாங்கிக்காதீங்க, அப்புறம் தேங்க்யூ சொல்லிடுவீங்க.

கேனு சும்மா சாக்கு சார். கீர்த்திகா கீழ வண்டியிலதான் உக்காந்துகினு கீறா, மடியில அந்த டப்பாவ வெச்சிகினு. மேல வாடின்னா மாட்டேன்றா. அதான் பிளஸ்ஸிய கொஞ்சம் கீழ அனுப்ப முடியுமான்னு கேக்கலாம்னு வந்தேன்.

உள்ள எங்க போறீங்க? பிளஸ்ஸி ரூம்ல இல்ல சார், ஜன்னல்ல வண்டிய பாத்துடுச்சி போல. நீங்க தண்ணி குடிச்சிகினு இருந்தீங்களே, அப்பவே என் பின்னாடியே நழுவி எறங்கிடுச்சி. செருப்பு கூட போடல, தோ பாருங்க, வாசல்லயே கீது. பால்கனிக்கு வாங்க, தெரியும். மெதுவா சார், கூப்புடாதீங்க. பாத்தா போதும்.

கேன எங்க வெக்கட்டும்?