நாற்றம் நின்ற அறை

மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் சம்பந்தி வீட்டார் வருகிற மாதிரிதான். ஒட்டடை அடிப்போம், சாயாவோடு கொடுக்க நேந்திரம்பழ பஜ்ஜிக்கு, அதாவது பழம்பொரிக்குச் சொல்லிவைப்போம், வாயைக் குறைப்போம். 2003இல் மூன்று பேர் வந்தார்கள். பல்கலைக்கழகம் எங்கள் ஆய்வுக் குழுவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கைக் கொடுத்திருந்தது. அங்கே உலோக ஸல்ஃபைடுப் படலங்கள் செய்தோம். செய்தவள் என் மனைவி மீனாக்ஷி. பெயர்ப்பலகையில் தலைவன் நான்.

வந்தவர்களில் மூத்தவர் சுப்புராஜ், மதுரைக்காரர். கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவள் முகத்தைப் பார்த்தார். சாயா குடிக்கும்போது என் தோளைத் தட்டினார்.

"வெங்கிடராமன் சார், மேடம் இல்லைன்னா இங்க என்ன சார் மிஞ்சும்? அவங்களையே தலைவராப் போடச் சொல்லி எழுதப்போறேன். நீங்க வீட்ல ரசம் வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நியாயமான கேள்வி அது. வேதியியலில் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு பொருளை நீக்கிவிட்டு மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும்.

மதியம் அவள் உலையறையில் ஹைட்ரஜன் ஸல்ஃபைடை ஓட்டினாள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அதை வெளியே இழுக்கும் விசிறி லாரி மாதிரி உறுமும்; சுப்புராஜுக்கோ காது மந்தம். என் உரைக்காக விசிறியை நிறுத்தினேன். உலையறைக்குள் பம்பு இரைச்சலில் அது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவள் தலையை நீட்டினாள்.

"ஏன்னா, நாத்தம் சட்டுனு நின்னுடுத்து. விசிறி ஓடறதோல்லியோ?"

இந்த வாயு அளவு மீறினால் முதலில் சாவது மூக்குதான்; நாற்றமே தெரியாது, அடுத்தது ஆள். எங்கள் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த பாடம். அதனால்தான் கேட்டாள்.

"ஓடறது, ஓடறது. அதான் நாத்தம் இல்லை. நீ போய் முடி, அவா காத்துண்டிருக்கா."

நம்பிப் போனாள். இருபது வருஷத் தாம்பத்தியம் அது.

அறிக்கையில் 'மிக நன்று' கிடைத்தது. இழப்பிலும் குழுவைக் குலையாமல் நடத்துகிறவர் என்று என்னைப் பற்றி ஒரு வரியும் இருந்தது. அவள் இல்லாத வீட்டில் ரசம்தான் இன்னும் கைவரவில்லை.

பழைய விசிறி, அது எப்போது நிற்கும் என்று யார் கண்டது என்றார்கள் விசாரிக்க வந்தவர்கள். நானும் என்னை நன்றாகத் துருவிப் பார்த்துவிட்டேன். அவள்மேல் என் விரல்கூடப் படவில்லை. அவள் உள்ளே போனதும் உலையறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டேன். உரை முடிந்ததும் மறக்காமல் எடுத்தும் விட்டேன்.