மழை விட்டதும் எல்லாம் தெரியுது

மலையா? மலை தெரியும்னா சொன்னார் அந்த புரோக்கர்? நல்லா சொன்னார் போங்க! தெரியும்... வருஷத்துல ஏதோ நாலு நாள் தெரியும். மத்த நாள் பூரா அந்தப் பக்கத்துக் கட்டடத்துச் சுவரு, அதுல காயற பாயி, அதுமேல உக்கார்ற காக்கா, அவ்வளவுதான் உங்க சீனரி!

அந்தப் போர்வையை உதறிட்டுப் போடுங்க, இல்லேன்னா சுருக்கம் நின்னுடும். தப்பா எடுத்துக்காதீங்க, புதுசா குடிவந்தவங்களாச்சேன்னு சொன்னேன். இந்த மொட்டைமாடிக்கு நான்தான் சீனியர்.

இன்னிக்கு உங்க அதிர்ஷ்டம்... ராத்திரி கொட்டின மழையில தூசியெல்லாம் அடங்கிடுச்சு. இப்படி வாங்க. விரலைப் பாருங்க. ஐயே, என் விரலை இல்லைங்க, விரல் காட்டற இடத்தை! சிவப்பும் வெள்ளையுமா பட்டை போட்ட புகைபோக்கி, தெரியுதா? அதுக்கு அந்தாண்ட ரயில் பாலம். பாலம் தாண்டி தகரம் மாதிரி மினுக்குதே, அது ஏரி. அதுக்கும் மேல நீலமா... மேகம் இல்லைங்க, அதான் உங்க மலை. கான்வென்ட்ல எங்க ஜியாகிரஃபி சிஸ்டர் சொல்லுவாங்க, உயரமா நிக்கறவங்களுக்குத்தான் தூரம் தெரியும்னு. சிஸ்டர் நாற்காலி மேல ஏறினாத்தான் போர்டே எட்டும், அது வேற விஷயம்.

சரி, மலையை விடுங்க, அது எங்க போகப்போகுது. ஏரிக்கரையில மஞ்சளா ஒரு கட்டடம், உச்சியில நீலத் தொட்டி... பாத்தாச்சா? அதான் என் நாத்தனார் வீடு. என் நிம்மதியைக் குடிச்ச தொட்டி அது.

சிரிக்காதீங்க! கேளுங்க மொதல்ல. எங்க வீட்டுக்காரருக்கு பிரஷர். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பொரிச்சது பக்கமே திரும்பக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டார். அன்னிலேருந்து எங்க வீட்ல வேகவச்ச காய்தான். வேகவச்சு, தண்ணிய வடிச்சு, மறுபடியும் வேகவச்சு... ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? உடம்புக்கு நல்லதுங்க! அவருக்கு மட்டும் அப்படி வச்சிட்டு நான் வேற தின்னா நல்லா இருக்குமா? நானும் அதையேதான் தின்னேன். இத்தனை வருஷமா. நாக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு. மத்தியானத்துக்கும் டப்பால போட்டுக் குடுத்தனுப்புவேன். சாயந்திரம் துடைச்சு வச்ச மாதிரி வரும் டப்பா. ஆஹா, மனுஷன் பருக்கை விடாம தின்றாரேன்னு எனக்கு ஒரே பூரிப்பு!

போன மாசம் இதே மாதிரி மழை விட்ட காலை. துணி போட வந்தேன். பாத்தா நீலத் தொட்டி பளிச்சுனு நிக்குது. அட, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்துல ஒரு தடவைகூட கண்ல பட்டதில்லையேன்னு ஒரு சந்தோஷம். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அங்கேயே நின்னு நாத்தனாருக்குப் போனைப் போட்டேன். "என்னம்மா, இங்க நின்னாலே எல்லாம் தெரியுது எனக்கு!"ன்னேன்.

அந்தப் பக்கம் சன்னமா, "எல்லாமேவா அண்ணி?"

"ஒண்ணு விடாம!"ன்னேன் நான்.

அவ்வளவுதாங்க, ஓன்னு ஒரு அழுகை! "அண்ணி, நானா கூப்பிடல அண்ணி, அண்ணனேதான் வந்தாரு... வாய் செத்துப்போச்சு, ஒரு வாய் போடும்மான்னு கேட்டா நான் எப்படி மாட்டேங்கறது"ன்னு... அவர் ஆஃபீஸ்லேருந்து ரெண்டு தெரு தள்ளி அவ வீடு. தினம் மத்தியானம் அங்கதான் சாப்பாடாம்! வறுவலாம், அப்பளமாம், ஊறுகாயாம்! என் டப்பா? ஆஃபீஸ் வாசல் நாய்க்கு! அந்த நாய்கூட இப்போ வேற வாசல் பாத்துக்கிச்சாம், அதையும் சொல்லி அழறா!

சிஸ்டர் தலைதலையா அடிச்சுக்குவாங்க, எப்பவும் முழு வாக்கியமா பேசுங்கடி, எது, எங்கேன்னு சேத்து சொல்லுங்கடின்னு. உன் தொட்டி என் கண்ணுக்குத் தெரியுதுன்னு முழுசா சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கதி உண்டா?

கத்தியிருக்கணும்ல அப்பவே? நியாயமா கத்தியிருக்கணும். ஆனா அவகிட்டப் போய் எனக்கு ஒண்ணுமே தெரியாதேன்னு நிக்கறதா? என் புருஷன் எங்க சாப்பிடறார்னு எனக்கே தெரியாதுன்னு ஒத்துக்கறதா? என் வாய் இருக்கே, அது சொல்லுது, "தெரியும்மா. ரொம்ப நாளாவே தெரியும். நீயா சொல்லட்டும்னுதான் காத்திருந்தேன்."

போச்சா! சாயந்திரம் இவர் வர்றார், கண்ணெல்லாம் கலங்கி. "தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீ... உனக்கு எவ்வளவு பெரிய மனசு"ன்னு கையைப் பிடிச்சுக்கறார். கல்யாணத்துக்கப்புறம் மொத தடவை பாராட்டறார்ங்க, அதுவும் நான் செய்யாத காரியத்துக்கு! இனி எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் சண்டை போடுவேன்? இப்போ ஒளிவுமறைவே இல்ல. டப்பாவையே எடுத்துக்கறதில்ல. "நான் தங்கச்சி வீட்ல பாத்துக்கறேன்"னு ராஜா மாதிரி போறார். அவ அந்த உப்பை அள்ளிக் கொட்டறா. தலை சுத்துதுன்னு நேத்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாருங்க. கேட்டா, ஒண்ணுமில்லையாம்... பெரிய மனசுக்காரியாச்சே நான், என்னத்தைச் சொல்லித் தடுக்க?

இன்னிக்கு சாயந்திரம் சொல்லிடப் போறேன். முழு வாக்கியமா. "எனக்கு எதுவும் தெரியாது, தெரிஞ்சிருந்தா அந்த மொத நாளே உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன், நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்"னு. பெரிய மனசு போனா போகட்டும், மனுஷன் இருந்தா போதும் எனக்கு.

ஆனா அவர் திருப்பிக் கேப்பாரே, "உன் சமையலை மனுஷன் திம்பானா"ன்னு. அதுக்குத்தான் ஒரு சாட்சி வேணும் எனக்கு. நீங்க புதுசு, எந்தப் பக்கமும் சேராதவங்க. துணி எல்லாம் போட்டாச்சுல்ல? வாங்க கீழ. பழக்கதோஷத்துல இன்னிக்கும் கட்டின டப்பா அப்படியே இருக்கு, சூடுகூட ஆறல. ரெண்டு வாய் தின்னு பாத்து உள்ளதைச் சொல்லுங்க...

அடுப்புல பாலா? கேஸ் கனெக்‌ஷனே திங்கக்கிழமைதான் வருதுன்னு இப்பத்தானே சொன்னீங்க! ஏங்க... என்னங்க... கூடையை விட்டுட்டுப் போறீங்களே... படி ஈரம், பாத்து!

ஏங்க, நில்லுங்க! வேணும்னா... வேணும்னா கொஞ்சம் உப்புப் போட்டுத் தரேங்க!