ஓடவிட்டுப் பார்த்தவன்

காற்று வீணாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தாலும், அதைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. நீங்களே சொல்லுங்கள் ஐயா, இப்படிப்பட்டவன் பார்க்கும் பிரிவில் கவனக்குறைவால் ஒரு சாவு நடக்குமா? கம்ப்ரசர் பார்ப்பவர் காற்றை அதிகமாகத் திறந்துவிட்டார், அதனால்தான் என் சாண்டர் சிதறியது என்று அவரை ஸ்டேஷனில் பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்மேல் எனக்கு இரக்கம் என்று நினைக்க வேண்டாம். செய்யாததைச் செய்ததாக எழுதுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் பேருந்துக்குக் கூடு கட்டுகிறோம். தகரம் அடித்து, பற்றவைத்து, பட்டி பார்த்து முடித்த கூடு கடைசியில் என் பிரிவுக்கு வரும். காற்றில் சுழலும் சாண்டரால் தேய்த்து, பாலிஷரால் பளபளப்பாக்கி அனுப்புவது எங்கள் வேலை. கரண்டில் ஓடாததுதானே, காற்று என்ன செய்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் அதை விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன். தேய்க்கும் வட்டமான டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் ஹோஸைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் விசையை ஒருமுறை அழுத்தி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியே விட வேண்டும். சுழற்சி முழுவதும் நின்றபின்தான் கருவியைக் கீழே வைக்க வேண்டும். சட்டையில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளக் கூடாது. "கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம சாமியே வந்தாலும் நம்ம மேஸ்திரி வாசல்லயே நிக்க வச்சிருவாரு" என்று பெயின்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். முழுக் கையோடு வீட்டுக்குப் போகிறான் அல்லவா.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நல்லவன். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். அடுத்தவனுடைய ஹோஸ் முறுக்கிக்கொண்டிருந்தால் போகிற போக்கில் குனிந்து நேராக்கிவிட்டுப் போவான். கை அழுக்காக நிற்பவனுக்குப் பின்னால் வந்து மாஸ்க்கின் வாரை இழுத்துவிடுவான். செய்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அப்படிப்பட்டவனோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்து, ஒரே வீட்டில் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போது தெரியும்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சாண்டரின் விசையை டேப் போட்டுக் கட்டிவிட்டேன். கையை எடுத்தால் கருவி நின்றுவிட வேண்டும் என்பதற்காக வைத்த விசை அது. ஆனால் நாள் முழுக்க அழுத்தி என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, டேப் போட்டதை மறந்து ஹோஸை மாட்டினேன். சாண்டர் மேஜையிலிருந்து குதித்து, பக்கத்தில் குனிந்திருந்த மச்சினனின் தொடையைக் கிழித்தது. சத்தம் கேட்டு முதலாளி ஓடிவருவதற்குள், ரத்தம் வழியும் காலோடு அவன் செய்த முதல் காரியம், அந்த டேப்பைப் பிய்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான்.

"என் தப்புதான் முதலாளி. ஹோஸைக் கழட்டாம டிஸ்க்கை மாத்தப் போயிட்டேன்" என்றான்.

முதலாளி என்னைப் பார்த்தார். மேஸ்திரி ஏதாவது சொல்லியாக வேண்டும் அல்லவா. "எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? காது என்ன அடைச்சா போச்சு?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்து சிரித்தான். வலியை மறைக்கச் சிரித்தானா, என்னை நினைத்துச் சிரித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஏதோ ஒரு சண்டையில் வாய்தவறிச் சொல்லிக்காட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காயம் ஆறி வேலைக்கு வந்த அன்று காலையில் என் சாண்டரைக் கையிலிருந்து வாங்கினான்.

"குடுங்க மாமா, ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பாத்துத் தர்றேன்."

வேலைக்கு எடுப்பதற்கு முன், ஆள் இல்லாத பக்கமாகப் பிடித்துச் சாண்டரை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். ஆட்டமோ விரிசலோ இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அவரவர் கருவியை அவரவர்தான் பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவன் தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னுடையதையும் பார்த்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். துண்டு ஏதாவது தெறித்தாலும் எங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்று, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பான்.

"உன் வேலையப் பாருடா" என்பேன்.

"இதுவும் என் வேலைதான் மாமா. உங்களுக்கு ஒண்ணுன்னா அக்கா என் தோலத்தான் உரிப்பா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் மன்னிக்கப்பட்டவனாகவே வேலையைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்க மச்சினனை மேஸ்திரியாக்கலாம்னு அவன்கிட்டயே கேட்டுப் பாத்தேன். மாமா இருக்கற இடத்துல நான் எப்படி நிப்பேன்னு ஒரே பிடியா மறுத்துட்டான். குடுத்துவச்சவருய்யா நீங்க" என்றார். அப்படியென்றால் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவன் போட்ட பிச்சை. அன்று வீட்டில் சாப்பிடும்போது, நான் கேட்காமலேயே தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெளிவு வந்தது.

பாலிஷர் மெதுவாகச் சுழலும். சாண்டரின் வேகம் அதைப்போலப் பல மடங்கு. டிஸ்க்கைத் தாங்கும் தட்டும் இரண்டுக்கும் வேறு வேறு. ஆனால் மரை ஒன்றுதான், மாற்றி மாட்டினாலும் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான்: தட்டின் முதுகில் போட்டிருக்கும் வேகத்தைப் படிக்காமல் மாட்டாதே, அதை மீறிச் சுழன்றால் தட்டு சிதறிவிடும். ஓரத்தில் விரிசல் விட்டது என்று நான் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பாலிஷர் தட்டு ஒன்று கிடந்தது. அவன் இறந்த அன்று காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போய், அதை என் சாண்டரில் மாட்டினேன். மேலே புது உப்புத்தாள் ஒட்டினேன். என் மேஜைப் பக்கத்து வால்வைத் திருகி, என் ஹோஸுக்கு வரும் காற்றை மட்டும் கூட்டிவைத்தேன். கம்ப்ரசர் அறைப் பக்கம் நான் போகவே இல்லை. தன் சாண்டரில் அந்தத் தட்டு இருந்திருந்தால் மச்சினன் ஒரே பார்வையில் பிடித்திருப்பான். என்னுடையதை அவன் புரட்டிப் பார்க்கமாட்டான். நான் மாட்டியது என்றால் அவனுக்குச் சந்தேகமே வராது.

வந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "என்ன மாமா, முகமே சரியில்ல? காலங்காத்தாலயே அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்றான்.

"உன் வேலையப் பாருடா" என்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டர் பக்கத்தில்தான் நின்றான், அவனும் கேட்டிருப்பான். மச்சினன் சாண்டரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். ஒரு நிமிடம் ஆகவில்லை. துண்டுகள் சுவரில் அடித்த சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது. எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை, நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். பெரிய துண்டு வயிற்றில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் தலை என் மடியில்தான் கிடந்தது. "உங்க மேல ஒண்ணும் படலையே மாமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மைதான். அதற்குமேல் அவன் பேசவில்லை.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டறையில் ஒவ்வொருவனாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு வந்ததை அவன் வாங்கிக்கிட்டான் மேஸ்திரி" என்கிறான். என் மனைவி அழுது ஓய்ந்தபின் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களைக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்கான். அந்த ஒண்ணை நெனச்சுத்தான் நான் உசுரோட இருக்கேன்" என்றாள். இனி நான் விடும் மூச்சும் அவன் கொடுத்தது என்று ஆகிவிட்டது. செத்தபிறகும் அவன் என்னை விடவில்லை.

அதனால்தான் நானாக வந்தேன். பயந்து வரவில்லை. உங்களில் யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தட்டை மாட்டியது நான். காற்றைக் கூட்டியது நான். அவன் எடுப்பான் என்று தெரிந்தே வைத்ததும் நான். அந்தச் சாண்டரை நான் ஓடவிட்டிருக்கவே மாட்டேன். எனக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை, ஆகவே அவன் என்னை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. இதை நீங்களே போய் என் மனைவியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், ஐயா. கேட்டால் அவளுக்கும் மனம் லேசாகும்.