இரண்டாம் எண்ணில் இருந்த பச்சைப் பை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் எழுத்தர் முதல் தாளில் குறித்துக்கொண்டார். வயது ஐம்பத்து மூன்று. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்து வருகிறேன். மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் இல்லை. இறந்துபோனவரின் பச்சைப் பை என் கைக்கு எப்படி வந்தது, அது ஓர் இரவு முழுவதும் ஏன் என் வீட்டில் இருந்தது என்று கேட்டதற்கு நான் சொல்வதாவது.

என் வேலை நின்றபடி செய்யும் வேலை. எண்பது மடிப்புத் துணியை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, ஓரம் ஒரு நூல்கூட விலகாமல் சேர்த்து, அதன் பிறகு மெஷினை ஓட்ட வேண்டும். நின்று நின்று இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன், அதிகாரி தேவையில்லை என்றார். சாயங்காலம் ஆறு பத்துக்குப் புறப்படும் பேருந்தில் என் வீட்டுக்கு ஒரு மணி இருபது நிமிடப் பயணம். ஒரு நாளில் நான் காலை மடக்கி நிம்மதியாக உட்காருவது அந்த நேரம் மட்டும்தான். அந்தப் பேருந்து எங்கள் நிறுத்தத்திலிருந்துதான் கிளம்புகிறது. முதலில் ஏறுகிறவர்களுக்கு இடம் நிச்சயம்.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை அங்கே வரிசை என்று ஒன்று கிடையாது. பேருந்து நிற்பதற்குள் ஓடிப்போய்க் கம்பியில் தொங்குவார்கள். மூக்குச் சிந்திய கைக்குட்டையை ஜன்னல் வழியாக சீட்டில் எறிந்துவிட்டு இது என் இடம் என்பார்கள். ஒருவர் மூன்று வயதுக் குழந்தையை ஜன்னலுக்குள் மூட்டை மாதிரித் திணித்து இடம் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குழந்தை அழுதது, அவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு செருப்பைக் கழற்றிக் கால் விரலை நோண்டினார். முதுகில் வியர்வை ஈரம் ஒட்டும்படி நெருக்குவார்கள், கழுத்தில் மூச்சு விடுவார்கள், மதியம் தின்ற வெங்காயம் வரைக்கும் தெரியும். படைக்குப் பிந்தத் தெரியும், பந்திக்கு முந்தத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. விஷயத்துக்கு வரும்படி அதிகாரி சொன்னார். இதுதான் விஷயம் என்றேன், எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் நெரிசலில் ஒரு பெண்ணின் விரல் கதவில் நசுங்கியது. அதன் பிறகு நான்தான் தொழிற்சாலையிலிருந்து துணியில் குறி போடும் சாக்கட்டியைக் கொண்டுபோய், நடைமேடை ஓரக் கல்லில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டேன். மழையில் அழிந்தால் மறுபடி போடுவேன். அந்த இடத்தில் மாலை வெயில் முகத்தில் அடிக்கும், ஆகையால் ஆள் நிற்க வேண்டாம், பையை எண்ணில் வைத்துவிட்டு நிழலில் உட்காரலாம் என்று வழக்கம் ஏற்பட்டது. பேருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும், அப்போது பைகளைக் கதவுப் பக்கம் தள்ள வேண்டும். பின் எண்காரர் முன் எண்காரரின் பையைத் தள்ளுவார். தூரத்தில் இருப்பவர் கையைத் தூக்கினால் என் பையைத் தள்ளுங்கள், வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அடுத்தவர் பைக்குள் யாரும் கை விடக் கூடாது. இவை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் ஒருவரும் மீறியதில்லை. என்னை அங்கே லைன் சார் என்பார்கள்.

இறந்துபோனவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அவர் பெயர் தெரியாது. நாங்கள் பெயர் கேட்டுக்கொள்வதில்லை. அவருடையது ஜிப் பிய்ந்து, கயிறு போட்டுக் கட்டிய பச்சைக் கித்தான் பை, அதனால் அவரைப் பச்சைப் பை என்போம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்று மட்டும் தெரியும், ஏனென்றால் ஒரு முறை பேருந்தில் என் கண்ணாடியின் திருகு கழன்று விழுந்தபோது அதைத் தேடி எடுத்து, பையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்து முடுக்கிக் கொடுத்தார். "ரெண்டு கண்ணும் தெரியுதுங்களா? இல்ல, லைன் மட்டும்தான் தெரியுதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நேற்று செவ்வாய்க்கிழமை ஐந்து இருபத்தைந்துக்கு நிறுத்தத்துக்குப் போனேன். முதல் எண்ணில் பிளாஸ்டிக் கூடைக்கார அம்மாவின் கூடையும், இரண்டாம் எண்ணில் பச்சைப் பையும் இருந்தன. மூன்றாம் எண்ணில் நான் பையை வைத்தேன். சுமார் இருபது அடி தள்ளி மரத்தடிப் பெஞ்சில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஆறு ஐந்துக்குப் பேருந்து வந்து எண்களைத் தாண்டி நின்றது. நாங்கள் பைகளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, கையில் ஹெல்மெட் வைத்திருந்த ஒருவர், வண்டி ரிப்பேர் போலிருக்கிறது, புதிதாக வந்தவர், எல்லாப் பைகளையும் தாண்டி நேராகப் படியில் காலை வைத்தார். அவர் கால் தட்டிக் கூடைக்கார அம்மாவின் கூடை கவிழ்ந்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பிடித்தது உண்மை, அடிக்கவில்லை.

"யோவ், இத்தன பேர் லைன்ல நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"எங்க நிக்கறீங்க? பைதான நிக்குது. ஆளு எங்க சார்?" என்றார்.

நானும் மற்றவர்களும் சேர்ந்து அவரைக் கடைசிக்கு அனுப்பினோம். அதில் நான்கு நிமிடம் போனது. எல்லாருடைய பார்வையும் அந்தப் பக்கமே இருந்தது. நடத்துனர் நேரமாகிறது என்று விசில் கொடுத்தார். அதன் பிறகு கூடைக்கார அம்மா ஏறினார், அதன் பிறகு நான் பச்சைப் பையை ஒரு கையிலும் என் பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு ஏறினேன், பச்சைப் பையை ஜன்னலோர சீட்டில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் கேட்டாலும் ஆள் வருது என்று சொன்னேன். பேருந்து நிரம்பியது, கிளம்பியது. நடத்துனர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்து, "பை இருக்கு, ஆள் எங்க?" என்று கேட்டார். பின் வாசலில் ஏறியிருப்பார் என்று சொன்னேன். நான் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை.

ஹெல்மெட்காரர் என் தோளுக்கு மேலே கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தார். காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் நிற்பது எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஜாதி, நன்றாக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

ஏறத்தாழ ஆறரை மணிக்குப் பச்சைப் பைக்குள் போன் அடித்தது. நின்றது, மறுபடி அடித்தது. இப்படி ஐந்து முறை. போனைப் பையில் போட்டுவிட்டு இந்த மனிதர் பின்னால் எங்கே நின்று வேடிக்கை பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "எடுத்துப் பாருங்க சார், ஏதாவது அவசரமா இருக்கும்" என்று ஹெல்மெட்காரர் சொன்னார். "அடுத்தவங்க பையில கை விடறது எங்க பழக்கம் இல்ல" என்றேன். ஆறாவது முறை அடித்தபோது அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன், அவர் விடாமல் போனை எடுத்து, அழுத்தி, என் காதில் வைத்தார்.

ஒரு பெண் பேசியது. "அப்பா, ஏம்ப்பா எடுக்கல? அஞ்சு மணிக்கு நெஞ்சு அடைக்குது, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்னு சொல்லிட்டு வச்சுட்டீங்களே. மாத்திர பையிலதான இருக்கு, நாக்குக்கு அடியில வச்சீங்களா?" என்றது. நான் அவர் இல்லம்மா, அவர் பை என்கிட்ட இருக்கு என்றேன். அது ஏதோ கேட்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. நான் எழுந்து பேருந்து முழுவதும் தேடினேன், அவர் இல்லை. இதைத்தான் அந்தப் பெண் பை திருடியவன் பேசினான் என்று புகாரில் சொல்லியிருக்கிறது. அது வேறு எப்படி நினைக்கும், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதன் பிறகு அடுத்த நிறுத்தத்தில் பையுடன் இறங்கி எதிர்ப்பக்கம் போனேன். அங்கே பத்துப் பதினைந்து பேர் ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார்கள். பேருந்து வந்தது. நான் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு முதலில் ஏறினேன். ஒரு பெண்ணின் காலை மிதித்தேன். "சீ, பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?" என்று அந்தப் பெண் கேட்டது.

ஏழேகாலுக்கு நிறுத்தத்தை அடைந்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. டிக்கெட் அறைக் காவலாளியைக் கேட்டதற்கு, பஸ் போன கொஞ்ச நேரத்தில் ஒருவர் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்ததாகவும் ஆம்புலன்ஸில் ஏற்றியதாகவும் சொன்னார். "யாருன்னே தெரியல சார். கையில போன் இல்ல, பை இல்ல, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல" என்றார். பை என் தோளில் இருந்தது.

அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணை ஜன்னலில் நோயாளி பெயர் கேட்டார்கள். தெரியாது என்றேன். நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். அவருக்கு அடுத்த எண் என்று வாயில் வந்தது, விழுங்கிக்கொண்டேன். கூட வருகிறவர், பச்சைப் பை என்று சொன்னேன். ஜன்னலுக்குள் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓரமாகப் போகச் சொன்னார். இன்னொரு ஆஸ்பத்திரியிலும் இதேதான். இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால், போனுக்கு என் வீட்டுச் சார்ஜர் பொருந்தவில்லை. என் மனைவி, போலீஸுக்குப் போங்க என்றாள். காலையில் போகலாம், கண்ணாடிக் கடையில் விசாரித்தால் பெயராவது தெரியும், பெயர் தெரியாமல் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். ஆறு வருடம் பழகிய மனிதரைப் பை என்று அடையாளம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது என் தவறு.

இன்று காலை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைகளில் விசாரித்துக்கொண்டு போனேன். மூன்றாவது கடையில் முதலாளி பையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆளே போயிட்டாரு. விடியற வரைக்கும் அனாதையா கிடந்திருக்காரு. இப்ப பையத் தூக்கிட்டு வர்றியா நீ?" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்தவன் என அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நான் தப்பிக்க முயலவில்லை. முதலாளிதான் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

இங்கே நிலையத்தில் என் முன்னிலையில் பையைத் திறந்து பார்த்தார்கள். கழுவிய சாப்பாட்டு டப்பா, குடை, திருப்புளிகள் வைத்த சின்ன உறை, போன், ஒன்றும் பிரிக்காத மாத்திரை அட்டை. அவருடைய மகள் எதுவும் குறையவில்லை என்று சொன்னது. அதன் பிறகு அது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. "கடைசியா அப்பா யாரையும் கூப்பிடலையா?" என்றது. தூங்கிக்கொண்டிருந்தார் அம்மா என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தது.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடத்துனரும் ஹெல்மெட்காரரும் சொன்னது இதோடு ஒத்துப்போகிறது என்றும், திருட்டுக்கு முகாந்திரம் இல்லை என்றும், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றும் அதிகாரி சொன்னார். அவர் பேனாவை நீட்டினார். தாளின் மேலே இறந்தவர் பெயர் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். அதன் பிறகு ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மேலே இருப்பது பொய். பேருந்து வந்து நின்றபோது அவர் கண் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். எங்கள் நிறுத்தத்தில் கையைத் தூக்கினால் பையைத் தள்ளுங்கள் என்று அர்த்தம். நான் அவருடைய பையைக் கதவுப் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடியும் கையைத் தூக்கினார். இந்த முறை விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார், பையைக் கொண்டு வா என்பது போல. அந்த நேரம் என் இன்னொரு கையில் ஹெல்மெட்காரரின் காலர் இருந்தது. அவசரத்தைப் பார், எழுந்து வர வலிக்கிறது, அதிகாரம் மட்டும் பண்ணத் தெரிகிறது என்று எனக்கு அவர் மேலும் வெறுப்பு வந்தது. "உங்க எடம் எங்கயும் போகாது, வாங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பிக்கொண்டேன். இதை வேறு யாரும் பார்க்கவில்லை.

இந்தத் திருத்தத்தை அவருடைய மகளுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தத்தோடு சேர்த்து முழுவதும் எனக்கு மறுபடி படித்துக் காட்டப்பட்டது. இப்போது இதில் உள்ளது அத்தனையும் நடந்தது. மிரட்டியோ ஆசை காட்டியோ யாரும் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)