கலியாணக் காருக்குக் கோடைச் சில்லு

வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கோடை டயரில் ஓடக் கூடாது. இதை நான் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன். ஜெர்மனியின் ஹம் நகரில் டயர் மாற்றும் பட்டறை ஒன்றின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர், மற்ற மாதங்களில் கோடை டயர். பனி கொட்டினால்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நன்றாகக் காய்ந்த வீதியிலும் கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும், தரையைப் பிடிக்காது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னும் மோசம். அகலமான டயர், வலுவான எஞ்சின், அந்த வலு முழுவதும் பின் சில்லுக்கு, அதாவது பின் சக்கரத்துக்குப் போகும். வளைவில் கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும்.

ஆகவே குளிரில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத்தான் வேண்டும் என்றால், ஒரு அளவு ஒடுங்கிய குளிர்கால டயரைக் கறுப்பு இரும்புச் சில்லில் போட்டு ஓட்டுங்கள். பார்க்க வடிவாக இருக்காது. வீடு போய்ச் சேரலாம்.

என் பெயர் ரஞ்சினி. வயது நாற்பத்தாறு. 1985இல் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். என் மொழியிலேயே எழுதலாம், ஞானமலர் அக்கா உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவார் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. டொச் மொழியில் எழுதினால் நான் கோபக்காரி போலத் தெரிவேன். எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சிறீதரன். எனக்கு எட்டு வயது இளையவன். 1992இல் வந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் தற்காலிக அனுமதியில் என் வீட்டு வரவேற்பறையில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தான். வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் ஒரு தமிழரின் உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவினான். அந்த உணவகத்தின் முதலாளிதான் புவனேந்திரன்.

1997 மார்ச்சில் யாரோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று எழுதினார்கள். இன்னார் இன்ன இடத்தில் களவாக வேலை செய்கிறார், இன்ன முகவரியில் படுக்கிறார் என்று. விடியற்காலையில் பொலிஸ் வந்தது. அவன் கட்டியிருந்த சறத்தை மாற்றிக் காற்சட்டை போடுவதற்குள் கையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு கிழமையில் விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கிய ஒன்பதாம் நாள் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வவுனியாவில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்களாம். அவ்வளவுதான் செய்தி. உடம்பு கிடைக்கவில்லை. நான் ரிசீவரைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடு முழுவதும் புகை.

சட்டத்தரணி அவனுடைய வழக்குக் கோவையைப் பார்வையிட்டு எனக்குப் பிரதி எடுத்துத் தந்தார். கடைசிப் பக்கத்தில் அந்தக் கடிதம் இருந்தது. கையெழுத்துத் தெரியக் கூடாது என்று தட்டச்சில் அடித்திருந்தார்கள், நல்ல டொச்சில். ஆனால் தாளின் உச்சியில் பேனையால் ஒரு சிறு அடையாளம். அதைச் சுற்றி அலுவலகத்தில் யாரோ பென்சிலால் வட்டம் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. அது பிள்ளையார் சுழி. எதை எழுதத் தொடங்கினாலும் விக்கினம் வராமலிருக்க மேலே போடுவது. என் தம்பியைக் காட்டிக் கொடுக்கும் காரியமும் விக்கினமில்லாமல் நடக்க வேண்டும் என்று அந்த மனிதர் கும்பிட்டிருக்கிறார்.

உ, அதன் கீழே இரண்டு சிறு கோடு, இரண்டாவது கோட்டின் நுனி மேல்நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருந்தது. அந்தக் கொக்கியைப் பத்து வருடம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன அக்டோபரில் புவனேந்திரன் எங்கள் பட்டறைக்கு வந்தார். வெள்ளி நிறத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். குளிர்காலச் சில்லைப் பூட்டி, கோடைச் சில்லை எங்களிடமே களஞ்சியத்தில் வைக்க வேண்டும். அதற்கொரு படிவம் உண்டு. மேசையில் குனிந்து நின்று நிரப்பினார். பெயர் எழுதுவதற்கு முன்னால் அவருடைய பேனை தாளின் உச்சிக்குப் போனது. உ. இரண்டு கோடு. கொக்கி.

“தங்கச்சி, உங்கட தம்பியை நான் இண்டைக்கும் மறக்கேல்லை,” என்றார் படிவத்தைத் தரும்போது. “நல்ல பெடியன்.”

நான் சிரித்தேன். அவர் போனபின் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பிரதியையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஆளை எனக்கு அடியோடு பிடிக்காமல் போனது. பத்து வருடமாக ஆள் இல்லாமல் அலைந்த வெறுப்புக்கு ஒரு முகம் கிடைத்தது, அதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தக் கடிதத்தால் அவருடைய உணவகத்துக்கே அபராதம் விழுந்ததே, தன் தலையில் தானே ஏன் மண்ணைப் போட வேண்டும் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க மனிதர்கள் அதுவும் செய்வார்கள். நான் அவசரப்படவில்லை. மூன்று மாதம் யோசித்தேன்.

ஜனவரியில் மறுபடி வந்தார். கூடவே மகள் மிதுஷா. இருபத்திநான்கு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்த மாதக் கடைசி ஞாயிற்றில் அவளுக்குக் கலியாணம், அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினாள். மூலையில் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி அச்சடித்த அழைப்பிதழ்.

“தங்கச்சி, ஒரு உதவி,” என்றார் புவனேந்திரன். “கலியாணத்துக்கு அந்தக் கறுத்த சில்லோட காரை விட ஏலுமே? வீடியோக்காரன் மாட்டன் எண்டு நிக்கிறான். கோடைச் சில்லைப் பூட்டித் தாங்கோ. திங்கக்கிழமை திரும்ப மாத்துவம்.”

எங்கள் ஆட்கள் தை மாதத்தில் கலியாணம் வைப்பார்கள். இங்கே அது நடுக்குளிர். பெண்பிள்ளைகள் சேலைக்குமேல் குளிர்ச்சட்டை போடாமல் விறைத்துக்கொண்டு நிற்பது வீடியோவுக்காக. காருக்கும் அதே கதைதான். இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் இவரில்லை. வந்தவர்களை எல்லாம் நான் ஏசி அனுப்பியிருக்கிறேன்.

“ஆபத்து ஒண்டும் இல்லையே?” என்று அவரே கேட்டார்.

“றோட்டுக் காய்ஞ்சுதானே கிடக்குது, அண்ணை. நீங்கள் மெல்லமாத்தானே ஓடுவியள்.”

“நான் எங்க ஓடுறது? மாப்பிள்ளைதான் ஓடுவார். தாலி கட்டி முடிய ரெண்டு பேரும் அதில ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகினம்.”

அதுவரைக்கும் நான் அவரை மட்டும்தான் நினைத்திருந்தேன். அவர் காரோடு போய் எங்காவது மோதட்டும் என்று. இதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று விளங்கியது. செத்துப் போகிறவருக்கு என்ன தெரியும்? தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கல்லவா தெரியும். அவர் நிற்க வேண்டும். நான் நின்றதுபோல.

மிதுஷா மட்டும் கொஞ்சம் யோசித்தாள். “அன்ரி, கோயிலுக்குப் போற வழியில கால்வாய்ப் பாலம் இருக்குதெல்லே. அதில ஐஸ் இருக்காதா?”

புத்தியுள்ள பிள்ளை. பாலத்துக்குக் கீழே மண் இல்லை, காற்றுத்தான். மற்ற வீதி காய்ந்து கிடந்தாலும் பாலம் முதலில் உறையும். வெள்ளிக்கிழமைகளில் அம்பாளிடம் போகும்போது நானே அதைக் கண்டிருக்கிறேன்.

“உப்புப் போட்டிருப்பாங்கள் பிள்ளை,” என்றேன். “நீர் பயப்பிடாதையும்.”

நான் சொன்ன ஒரே பொய் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாலத்துக்கு உப்பு வண்டி பிந்தித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். இதைச் சரியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வேலைத் தாளில் ஒரு வரி உண்டு: ஆபத்துப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது. அதில் சரி போட்டு அவர் முன்னால் வைத்தேன். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் மெக்கானிக் ஊவே தாளைப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தான், ஜனவரியில் கோடை டயரா, பிழையாக எழுதிவிட்டாயா என்று கேட்டான். வாடிக்கையாளரின் விருப்பம், கையெழுத்து இருக்கிறது என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்ப் பூட்டினான். அவன்மேல் பிழை இல்லை.

சனிக்கிழமை மாலை வானிலை பார்த்தேன். ஞாயிறு பின்னேரம் மைனஸ் நாலு, கால்வாய்ப் பக்கம் உறைபனி. அப்போதும் நேரம் இருந்தது. அவருடைய இலக்கம் கைத்தொலைபேசியில் இருந்தது. அதை எடுத்துச் சார்ஜில் போட்டுவிட்டுச் சேலைக்கு அயன் பிடித்தேன்.

கலியாணத்துக்குப் போனேன். போகாமல் விட்டால் கதை வரும். மிதுஷா நல்ல வடிவாக இருந்தாள். அறுகரிசி போடும் நேரம் அவளுடைய தலையில் நானும் போட்டேன், மனதார வாழ்த்தினேன். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பந்தியில் இருந்து சாப்பிட்டேன், பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கினேன். மூன்றரை மணிக்குக் காரின் நாலு சில்லுக்குக் கீழும் கண்ணேறு படாமலிருக்கத் தேசிக்காய் வைத்தார்கள். வீடியோக்காரன் குனிந்து அந்தப் பளபளக்கிற சில்லைக் கிட்டத்தில் எடுத்தான். மாப்பிள்ளை வினோஜன், ஆஹெனில் எஞ்சினியரிங் படித்த பெடியன், மெதுவாக ஏறி நசித்துக்கொண்டு போனான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாலேகாலுக்கு மண்டபத்தில் புவனேந்திரனின் தொலைபேசி அடித்தது. நான் அவருக்கு எதிரில் நாலு கதிரை தள்ளி இருந்தேன். முதலில் சத்தம் கேட்கவில்லை என்று மற்றக் காதைப் பொத்தினார். பிறகு கையைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். பின்னால் நாதஸ்வரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக நித்திரை வந்தது.

வினோஜன் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டான். கார் பாலத்தின் கம்பியில் மோதியது பிள்ளை இருந்த பக்கம்.

யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஏன் என்று நீங்கள் மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். செத்தவீட்டில் புவனேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தங்கச்சி, நீங்கள் எனக்குச் சொல்லியிருப்பியள், நான்தான் காதில போடேல்லை. என்ர பிள்ளையை நானே கொன்றுபோட்டன்,” என்றார். அவர் சொல்வதைக் கேட்டபோது எனக்கு எல்லாம் வீணாகப் போனது போல இருந்தது. அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. ஏன் என்று தெரியாமல் அழுகிறவருக்கு அது தண்டனையா? வெறும் துக்கம்தானே. சிறீதரனுக்காகத்தான் இது நடந்தது என்று அவர் அறிய வேண்டும். இந்த வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், எனக்கு அது போதும். தண்டனையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மிதுஷா பலத்த காயத்தோடு பிழைத்துவிடக் கூடும் என்று நான் எண்ணியிருந்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் சாக வேண்டும் என்றுதான் எண்ணினேன். ஆளை மாற்றிப் பழி வாங்கவில்லை, தெளிவாகத் தெரிந்த ஆளுக்குத்தான் செய்தேன். ஆதாரம் உங்கள் மேசையில் இருக்கிறது: கடிதத்தின் பிரதி, பட்டறைப் படிவம்.

முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு சின்ன விஷயம். ஞானமலர் அக்கா மொழிபெயர்க்கத் தொடங்கலாம் என்று என்னுடைய முதல் தாளை எடுத்தார். எடுத்தவர் வாசிக்கவில்லை. தாளின் உச்சியில் நான் போட்டிருந்த பிள்ளையார் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கொண்டுபோய் அந்தப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார். தன் பேனையால் மேசையிலிருந்த வெற்றுத் தாளில் தானும் ஒன்று போட்டுப் பார்த்தார், அதன் நுனியும் மேல்நோக்கி வளைந்தது. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், “ரஞ்சினி, இந்தக் கொக்கி?” என்று மட்டும் கேட்டார். அவருடைய முகம் ஏன் அப்படி வெளிறிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை.

“அது பழக்கத்தில வாறது அக்கா,” என்றேன். “எங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தானே போடுறவை.”