கூரையைப் பிடித்துத் தூக்கக் கூடாது

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை அளவாகப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் அதுகூடச் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

மச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கார்களிலிருந்து ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. நான் பிளாஸ்டிக் மாடல் கார்கள் செய்கிறவன். பொம்மை என்று சொல்லாதீர்கள். துண்டு துண்டாக வருவதை ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளே சீட் பெல்ட் வரைக்கும் வைப்பேன். அதில் ரொம்பப் பலவீனமான இடம், முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண்கள். தீக்குச்சியைவிட மெலிசு. கூரையைப் பிடித்துத் தூக்கினால் முறிந்துவிடும். அடியில் கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்தவன் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டான். அப்புறம்தான் தூண்கள் முறிய ஆரம்பித்தன. ஆபீஸ் விட்டு வந்து அலமாரியைத் திறந்தால் ஏதாவது ஒரு காரின் கூரை சரிந்து கிடக்கும். கேட்டால், "நான்தான் மாமா. சும்மா எடுத்துப் பாத்தேன். கோச்சுக்காதீங்க," என்பான். அடியில் பிடிடா என்று எத்தனை தடவை சொல்வது? நன்றாகத் தலையை ஆட்டுவான். கொஞ்ச நாளில் இன்னொரு கூரை சரியும்.

முறிந்த தூணைச் சரிசெய்வது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியாது. முனைக்கு முனை பசை வைத்தால் நிற்காது. இரண்டு துண்டிலும் ஊசித்துளை போட்டு, உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். துளை மயிரிழை விலகினாலும் தூண் பிளந்துவிடும். பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப் போகும், அதனால் அதை முதலில் கழற்ற வேண்டும். அப்புறம் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும். இவ்வளவும் செய்து வைத்தால் அதே தூணை மறுபடி முறித்து வைத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது சார், சொல்வதற்கென்ன.

ஆனாலும் நான் யார்மேலும் கை ஓங்கியதில்லை. கோபம் என் சுபாவமே இல்லை. ரொம்ப முன்னால் என் மனைவி ஒரு காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தபோதுகூட ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மழைக்காலம் முடிகிறவரை அவளோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பால்கனியில் இருந்தது மரக் கைப்பிடி. மச்சான் காலையில் அதில் சாய்ந்துகொண்டுதான் போன் பேசுவான். கைப்பிடியைத் தாங்கும் கால்களை அறுத்தேன். பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். உள்ளே கம்பி மட்டும் வைக்கவில்லை. உங்கள் ஆட்களே முதலில் மரம் உளுத்துப்போய்விட்டது என்றுதானே சொன்னார்கள்? என் வேலையில் ஒட்டு தெரியாது.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் இல்லை நான். அன்று காலையில் அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அலமாரியிலிருந்து சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு வா என்றேன். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே இத்தனை காலம் முறித்திருக்கிறான். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். நான் தடுக்கவில்லை.

இப்போது நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள். முறித்தது என் மனைவியாம். தூசி தட்டும்போது துணி மாட்டிக்கொள்ளுமாம். நான் என்ன செய்வேனோ என்று அவள் நடுங்கியதைப் பார்த்து, தம்பி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானாம். ஒரு காரைக்கூட அவன் அதுவரை தொட்டதில்லையாம். உங்களிடம் அவளே அழுதுகொண்டு சொன்னாளாம்.

என்னிடம் பயப்பட என்ன இருக்கிறது சார்? அவள் நேராக வந்து சொல்லியிருந்தால், பாவம், அந்தப் பையன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். அவள் பால்கனிப் பக்கமே வரமாட்டாள், உயரம் என்றால் ஆகாது. அவளுக்கு நான் வேறு ஏதாவது யோசித்திருப்பேன்.